உலக விருந்துக்கு யார் வீட்டு அரிசி?

அண்ணல் அம்பேத்கர் நினைவுநாள் சொற்பொழிவு
நாமக்கல், 2025 டிசம்பர் 6



அண்ணல் மறைந்து இன்றோடு 69 ஆண்டுகள் ஆகின்றன. அவர் நினைவைப் போற்றும் மேடையில் விளையாட்டைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் கேட்கக்கூடும். பேசத்தான் வேண்டும். பத்து நாள்களுக்கு முன்பு, நவம்பர் 26ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கூடிய காமன்வெல்த் விளையாட்டு அமைப்பு, 2030ஆம் ஆண்டுப் போட்டிகளை நடத்தும் உரிமையை அகமதாபாத்துக்கு வழங்கியது. 2036 ஒலிம்பிக்கை நடத்த விரும்புவதாக இந்தியா சென்ற ஆண்டு அக்டோபரிலேயே சர்வதேச ஒலிம்பிக் குழுவுக்குக் கடிதம் கொடுத்துவிட்டது. நம் மாநிலத்திலும் இந்த நாள்களில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி நடந்துகொண்டிருக்கிறது.

நவம்பர் 26 என்ன நாள் என்பதை இங்கிருக்கும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1949இல் அரசியலமைப்புச் சட்டம் ஏற்கப்பட்ட நாள். அதற்கு முந்தைய நாள் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அண்ணல், அரசியலில் சமத்துவமும் சமூக வாழ்விலும் பொருளாதார வாழ்விலும் ஏற்றத்தாழ்வும் கொண்ட ஒரு முரண்பாட்டுக்குள் நாடு நுழையப்போகிறது என்று எச்சரித்தார். அந்த முரண்பாட்டை ஒரு விளையாட்டுப் போட்டியின் வரவு செலவுக் கணக்கில் காட்ட முடியும் என்பதுதான் இன்று நாம் சொல்ல வந்த செய்தி.

உலக அரங்கில் இந்தியாவின் மதிப்பு உயர்கிறது என்கிறார்கள். உயரட்டும். நாம் கேட்பது ஒன்றுதான்: அந்த மதிப்புக்கு விலை கொடுப்பவர் யார்? 2010இல் தில்லியில் இதே காமன்வெல்த் போட்டி நடந்தபோது, அந்த விலையில் ஒரு பங்கு நம் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. உவமைக்காக இப்படிச் சொல்லவில்லை. பட்டியலின மக்களுக்கென்று அரசே எழுதி ஒதுக்கிய பணம் அது.

விவரமாகப் பார்ப்போம். சிறப்பு உட்கூறுத் திட்டம் என்று ஒன்று 1979-80இல் தொடங்கப்பட்டது. அதை வடிவமைத்ததில் முதன்மையானவர் பி.எஸ். கிருஷ்ணன் என்ற ஆட்சிப்பணி அதிகாரி. 1980இல் பிரதமர் இந்திரா காந்தி இதை வலியுறுத்தி முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார். திட்டத்தின் அடிப்படை எளிமையானது. மக்கள்தொகையில் பட்டியலினத்தார் எத்தனை சதவீதமோ, திட்டச் செலவிலும் குறைந்தது அத்தனை சதவீதம் அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். அந்தப் பணம் தலித் குடும்பங்களுக்கும் தலித் குடியிருப்புகளுக்கும் நேராகப் போய்ச் சேர வேண்டும். வேறு வேலைக்குத் திருப்பக்கூடாது, செலவழிக்காமல் காலாவதியாக விடவும் கூடாது என்று திட்டக்குழு பின்னர் விதியும் வகுத்தது. தில்லியில் பட்டியலினத்தார் ஏறத்தாழ 17 சதவீதம். அந்தக் கணக்கில் ஆண்டுதோறும் பணம் ஒதுக்கப்பட்டது.

அந்தப் பணத்தில் சுமார் 744 கோடி ரூபாய் 2006க்குப் பின் வந்த ஆண்டுகளில் காமன்வெல்த் போட்டி வேலைகளுக்குப் போனது என்பதை 2010இல் தலித் மனித உரிமைகளுக்கான தேசிய இயக்கமும், ஹவுசிங் அண்ட் லேண்ட் ரைட்ஸ் நெட்வொர்க் என்ற அமைப்பும் வெளியே கொண்டுவந்தன. அவர்கள் கையில் இருந்த ஆயுதம் தகவல் அறியும் உரிமைச் சட்டம். செய்தி நாடாளுமன்றத்தை எட்டியது. அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் மாநிலங்களவையில், சுமார் 678 கோடி ரூபாய் திருப்பப்பட்டதையும் அது தவறு என்பதையும் ஒப்புக்கொண்டார். இரண்டு தொகைகளுக்கும் இடையே வேறுபாடு இருக்கிறது. ஆனால் பணம் எடுக்கப்பட்டது என்பதில் அரசுக்கும் நமக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இதற்குச் சொல்லப்படும் நியாயத்தை மாணவர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் 2030இலும் அதையேதான் சொல்வார்கள். சாலை போட்டால் அதில் தலித்தும் நடக்கிறார். பாலம் கட்டினால் அவரும் கடக்கிறார். விளையாட்டரங்கம் வந்தால் அவர் பிள்ளையும் விளையாடலாம். ஆகவே பொதுவான செலவில் ஒரு பங்கைத் தலித்துகளின் கணக்கில் எழுதுவதில் தவறில்லை என்பதுதான் அந்த வாதம். பல மாநிலங்களில் பல துறைகள் இப்படித்தான் கணக்கு எழுதி வந்திருக்கின்றன. ஊர்ப் பொதுக் கிணற்றைத் தூர்வார வரி கேட்கும்போது நாமும் ஊர். தண்ணீர் மொள்ளப் போகும்போது நாம் சேரி. பொதுச்சாலையில் நடப்பது குடிமகனின் உரிமை. அந்த உரிமைக்கு வேறு எவரும் தனிக் கட்டணம் கட்டுவதில்லை. நமக்கு மட்டும் நம் பிள்ளைகளின் உதவித்தொகையிலும் நம் குடியிருப்பின் குடிநீரிலும் பிடித்துக்கொள்கிறார்கள்.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். 2010இல் நடந்தது அதுதான். இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை அந்தப் போட்டிகளுக்கான அரசுச் செலவைச் சுமார் 18,500 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. அத்தனை பெரிய தொகையில் 678 கோடி சிறு பங்குதானே என்று ஒருவர் கேட்கலாம். விருந்து வைப்பவருக்கு அது சிறு பங்கு. அரிசிப் பானை காலியான வீட்டுக்கு அது முழுப் பங்கு.

பணத்தோடு நிற்கவில்லை. தில்லி ஜங்புராவில், பாராபுல்லா வடிகால் ஓரமாகத் தமிழ்நாட்டிலிருந்து போன தலித் மக்களின் குடியிருப்பு ஒன்று இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தவர்கள். 2010 ஏப்ரலில், அண்ணல் பிறந்த அதே மாதத்தில், அவர்களில் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. எதற்காக? போட்டிக்கு வரும் வண்டிகளை நிறுத்த ஓர் இடம் தேவைப்பட்டது. சொந்த மண்ணில் நிலம் இல்லாமல், கூலி தேடி இரண்டாயிரம் கிலோமீட்டர் வடக்கே போனவர்களின் வீடு, உலகத்தார் சில நாள் வண்டி நிறுத்துவதற்காகத் தரைமட்டமானது. போட்டிகள் நடந்தது அக்டோபர் 3 முதல் 14 வரை, 12 நாள். விளையாட்டை ஒட்டிய வேலைகளால் தில்லியில் இரண்டு லட்சம் பேருக்குக் குறையாமல் வீடிழந்தார்கள் என்று முன்சொன்ன நிலவுரிமை அமைப்பு மதிப்பிட்டது. இடிக்க முடியாத குடிசைகளைத் தட்டி கட்டியும் விளம்பரப் பலகை வைத்தும் மறைத்தார்கள்.

அந்தப் பாராபுல்லா வடிகாலின் மேல் போட்டிக்காகக் கட்டிய மேம்பாலச் சாலை இன்றும் இருக்கிறது. அதன் பக்கத்தில் மிச்சமிருந்த தமிழர் குடியிருப்பான மதராசி கேம்ப் இந்த ஆண்டு ஜூன் 1ஆம் தேதி இடிக்கப்பட்டது. இம்முறை சொன்ன காரணம் விளையாட்டு இல்லை, வடிகாலைச் சீர்செய்வது. சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்கு மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என்றார்கள். காரணங்கள் மாறுகின்றன. இடிபடும் பக்கம் மாறுவதில்லை. 2030 போட்டி நடக்கப்போகும் அகமதாபாத்தில், 2020 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் வந்தபோது குடிசைப் பகுதி ஒன்றின் முன்னால் சுவர் எழுப்பியதை நாடே பார்த்தது.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதுமில்லை. 1936 பெர்லின் ஒலிம்பிக்குக்குச் சில நாள்கள் முன்பு, நகரத்தில் வாழ்ந்த ரோமா மக்களைப் பிடித்துப் புறநகரான மார்சானில் ஒரு முகாமில் அடைத்தது ஹிட்லரின் அரசு. 2016 ரியோ ஒலிம்பிக்குக்காக விலா அவுட்டோட்ரோமோ என்ற ஏழைகளின் குடியிருப்பு அழிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான குடும்பங்களில் விடாமல் போராடிய இருபது குடும்பங்கள் மட்டுமே அங்கே தங்க முடிந்தது. விருந்தாளி வரும்போது வீட்டுக்காரர் எதை மறைக்கிறாரோ, அதுதான் அந்த வீட்டின் உண்மை.

அரங்கைக் கட்டிய கைகளைப் பற்றியும் பேச வேண்டும். 1982 தில்லி ஆசியப் போட்டிகளுக்கான வேலைகள் நடந்தபோது, கட்டுமானத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிகூடத் தரப்படவில்லை என்று ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் ஒன்றியம் உச்ச நீதிமன்றம் போனது. நீதிபதி பகவதி அளித்த தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் படித்திருப்பீர்கள். வறுமையின் நெருக்கடியால் ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக உழைக்க நேர்ந்தால், அதுவும் அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்புதான் என்றது அந்தத் தீர்ப்பு. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் முன்பணம் வாங்கிவிட்டு மீள முடியாமல் கிடக்கும் குடும்பங்களுக்காக இன்று வழக்காடுபவர்களுக்கும் அந்தத் தீர்ப்பே துணை. அது பிறந்தது ஒரு விளையாட்டரங்கத்தின் மண் குவியலிலிருந்து. ஆனால் 28 ஆண்டுகள் கழித்து, 2010இல், அதே அமைப்பு அதே குறைகளோடு தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. நீதிமன்றம் அமைத்த குழு, கூலியிலும் பாதுகாப்பிலும் தங்குமிடத்திலும் சட்டம் மீறப்பட்டிருப்பதைக் கண்டது. தீர்ப்பு வந்த நகரத்திலேயே தீர்ப்பு மறந்துபோனது.

இத்தனை விலை கொடுத்து வாங்கிய மதிப்பு கைக்கு வந்ததா? நியாயமாகச் சொல்வோம். இந்திய வீரர்கள் 38 தங்கம் உட்பட 101 பதக்கங்கள் வென்றார்கள். பெண்களின் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் கிடைத்த தங்கத்தைப் பார்த்து மகிழாதவர் யார்? நாமும்தான் கைதட்டினோம். ஆனால் உலகம் பேசியது செப்டம்பர் 21இல் நேரு அரங்கின் பக்கத்தில் இடிந்து விழுந்த நடைபாலத்தையும், வீரர்கள் தங்குமிடத்தின் அழுக்கையும், தொடர்ந்து வந்த ஊழல் வழக்குகளையும்தான். வாங்கப் போன பொருள் கிடைக்கவில்லை. கொடுத்த காசு மட்டும் போனது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2026 காமன்வெல்த் போட்டியை நடத்த ஒப்புக்கொண்டிருந்த ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், செலவு தாங்காது என்று 2023இல் விலகிக்கொண்டது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணமும் 2030 போட்டிக்கான முயற்சியை அதே ஆண்டு கைவிட்டது. வசதி படைத்த நாடுகள் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் பணம் வேண்டும் என்று ஒதுங்குகின்றன. அதனால் அந்த நாடுகளின் மதிப்பு எதுவும் குறைந்துவிடவில்லை.

அப்படியானால் விளையாட்டின் வழியாக ஒரு நாடு உண்மையான மதிப்பைப் பெறவே முடியாதா? முடியும். இந்தியாவே பெற்றிருக்கிறது. 1974இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டிக்கு இந்தியா தகுதி பெற்றது. அணியில் சென்னையின் விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்தார்கள். எதிரில் நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்கா. ஆட மாட்டோம் என்று இந்தியா சொன்னது. கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. ஒரு கோப்பையை விட்டுக்கொடுத்து ஒரு நாடு தலைநிமிர்ந்தது. கோடிகளைக் கொட்டி நடத்தும் எந்தத் தொடக்க விழாவும் அந்த மரியாதையைத் தர முடியாது. தன் மக்களை எப்படி நடத்துவது என்பது ஒரு நாட்டின் உள்வீட்டு விவகாரம் ஆகாது, உலகம் கேள்வி கேட்கலாம் என்பதுதான் அன்று இந்தியா சொன்ன நீதி.

அதே நீதியை நாம் கேட்டபோது என்ன நடந்தது? 2001இல், நிறவெறியிலிருந்து விடுபட்ட அதே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இனவெறிக்கு எதிரான ஐ.நா. உலக மாநாடு கூடியது. சாதிக்கொடுமையை அங்கே பேச வேண்டும் என்று தலித் இயக்கங்கள் போய் நின்றன. சாதி எங்கள் உள்நாட்டு விவகாரம், இங்கே பேசக்கூடாது என்று இந்திய அரசு எதிர்த்தது. விருந்துக்கு உலகம் வரலாம், அடுப்படியை மட்டும் எட்டிப் பார்க்கக்கூடாது என்பதுதான் இதன் பொருள்.

தோழர்களே, நாம் விளையாட்டுக்கு எதிரானவர்கள் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. இந்த நாட்டுக்கு விளையாட்டில் முதன்முதலில் பெயர் வாங்கித் தந்தவர்களில் ஒருவர் நம்மவர். பல்வாங்கர் பாலு, செருப்புத் தைக்கும் சாதியில் பிறந்த சுழற்பந்து வீச்சாளர். 1911இல் இங்கிலாந்துக்குப் போன முதல் அகில இந்திய அணியில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளைச் சாய்த்தார். பந்தைத் தொட அனுமதித்தவர்கள் புனேவில் தேநீரை அவருக்குத் தனிக் குவளையில், அரங்கத்துக்கு வெளியே கொடுத்தார்கள். பம்பாயின் இந்துக்கள் அணிக்கு அவரைத் தலைவராக்க மறுத்தார்கள். தம்பி விட்டலுக்கு 1923இல்தான் அந்தப் பதவி கிடைத்தது. 1937 தேர்தலில் பாலு அண்ணலை எதிர்த்து நின்று தோற்றார் என்பதும் வரலாறு. அரசியலில் வேறு பக்கம் நின்றாலும் அவர் பட்ட அவமானம் நம் அவமானம்தான்.

நூறாண்டு கழிந்தும் குவளை உடைந்துவிடவில்லை. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஹாக்கி வீராங்கனை வந்தனா கட்டாரியா தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக்கில் அப்படி அடித்த முதல் இந்தியப் பெண் அவர். அரையிறுதியில் இந்தியா தோற்ற அன்று, ஹரித்துவார் அருகே அவர் வீட்டின் முன்னால் பட்டாசு வெடித்து, சாதி சொல்லி ஏசினார்கள். வென்றால் தேசத்தின் மகள், தோற்றால் சேரிப் பெண். இந்த நாட்டின் மதிப்பு குறைவது அரையிறுதித் தோல்வியால் இல்லை, அந்தப் பட்டாசுச் சத்தத்தால்.

நம் பக்கத்துச் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு, ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று மூன்று பாராலிம்பிக்கில் தொடர்ந்து பதக்கம் வென்றார். காய்கறி விற்ற தாய் வளர்த்த பிள்ளை. அந்த மூன்று பதக்கங்களுக்காகவும் இந்தியா எந்த அரங்கமும் கட்டி உலகத்தை அழைக்கவில்லை. ஒரு பிள்ளைக்கு ஓட ஓர் இடமும், கற்றுத்தர ஓர் ஆளும், வயிறு நிறையச் சோறும் கிடைத்தால் போதும். நாட்டின் பெயரை அந்தப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.

தில்லியை மட்டும் குறை சொல்லிவிட்டு நம் வீட்டைப் பார்க்காமல் போவது நேர்மை ஆகாது. 2022 ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. நூற்று எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தார்கள். வேட்டி கட்டிய குதிரைக்குத் 'தம்பி' என்று பெயர் வைத்து உலகத்துக்கு வணக்கம் சொன்னோம். நன்றாகவே நடந்தது, பெருமைதான். அதே ஆகஸ்டில் நம் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. சுதந்திர தினத்தன்று பட்டியலின ஊராட்சித் தலைவர்கள் தேசியக் கொடி ஏற்றுவதற்குச் சாதியின் பெயரால் தடை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். மாமல்லபுரத்தில் உலக நாடுகளின் கொடிகளெல்லாம் பறந்தன. சொந்த நாட்டின் கொடியைச் சொந்த ஊரில் ஏற்ற, தேர்தலில் வென்ற தலைவருக்கு அரசுக் கடிதம் தேவைப்பட்டது. உலகமே தம்பி ஆகலாம், பக்கத்துத் தெருக்காரர் ஆக முடியவில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை என்ன?

முதலாவது, 2030க்கும் 2036க்கும் செலவிடும் பணத்தில் பட்டியலின, பழங்குடி மக்களுக்கான நிதியிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்கப்படாது என்பதற்கு வாக்குறுதி போதாது, சட்டம் வேண்டும். ஆந்திரமும் கர்நாடகமும் இந்த நிதிக்கு எப்போதோ சட்டம் இயற்றின. தமிழ்நாடு 2024இல் இயற்றியது. ஒன்றிய அரசுக்கு இன்றுவரை இப்படி ஒரு சட்டம் இல்லை. ஒன்றிய அளவில் சட்டம் கேட்பது நம் முதல் வேலை.

இரண்டாவது, அரங்கத்துக்காக ஒரு குடிசை அகற்றப்பட வேண்டும் என்றாலும், அதே வட்டாரத்தில் மாற்று வீடு கட்டி முடித்துச் சாவி கொடுத்த பிறகே கை வைக்க வேண்டும். அரங்கம் கட்டும் ஒவ்வொரு தொழிலாளருக்கும் 1982 தீர்ப்பு சொன்ன கூலி போய்ச் சேர வேண்டும்.

மூன்றாவது, வேலை நம்முடையது. நம் மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியலினத்தவர். சமூகநீதி விடுதி என்று இந்த ஆண்டு பெயர் மாற்றப்பட்ட நம் விடுதிகளில் விளையாடும் இடம் இருக்கிறதா, பந்து இருக்கிறதா, பயிற்சியாளர் வருகிறாரா? செயல்திட்ட நிதியில் நாமக்கல் மாவட்டத்துக்கு எவ்வளவு வந்தது, எந்தத் துறை எதற்குச் செலவழித்தது? பொதுச்சாலையையும் பாலத்தையும் நம் கணக்கில் எழுதியிருக்கிறார்களா? பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டுக் கேட்கலாம். 678 கோடி ரகசியத்தை உடைத்ததும் அப்படி ஒரு காகிதம்தான். ஒவ்வொரு கல்லூரியிலும் இரண்டு மாணவர்கள் இந்த மனுவை எழுதக் கற்றுக்கொண்டு போனால், இந்த நினைவுநாளுக்கு அதைவிடப் பெரிய அஞ்சலி வேண்டாம். வரும் பதில்களை இந்த அரங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம், அச்சிடுவோம், ஆட்சியர் முன் வைப்போம்.

உலகம் வரட்டும், விளையாடட்டும். நம் பிள்ளைகளும் அந்த ஓடுகளத்தில் ஓடட்டும். ஆனால் எந்த விருந்துக்கும் இனி நம் வீட்டுப் பானையில் கை விட விடமாட்டோம். அண்ணல் நமக்குக் கணக்குக் கேட்கக் கற்றுத் தந்திருக்கிறார். கேட்போம்.

ஜெய்பீம்.